வியாழக்கிழமை கொண்டு வரவும்

ஒரு ஆளை ஜெயிலுக்கு அனுப்ப ஒரு பக்கம் இங்கிலீஷ் போதும் என்பது, திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டரை மணிக்கு ராஜபாளையம் போலீஸ் ஸ்டேஷனில் துப்பறியும் லிங்கேஸ்வரனுக்குப் புரிந்தது.

அந்தப் பக்கம் சப்-இன்ஸ்பெக்டர் வல்லரசின் மேஜையில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது. கையால் எழுதிய கடிதம். மூன்று இடங்களில் சிவப்பு மையால் அடிக்கோடு. அடிக்கோடு வல்லரசு போட்டது.

"படிச்சுப் பாருங்க அண்ணாச்சி. தீ வரும்ங்கான், உயிர் போகும்ங்கான். வியாழக்கிழமை கொண்டு வரணும்னு கெடு வச்சிருக்கான். எதைக் கொண்டு வரச் சொன்னான்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கான். வெள்ளி விடியக்காலம் கிடங்கு எரிஞ்சிருச்சு. இதுல துப்பறிய என்ன இருக்கு?"

கிடங்கு, கௌதம்ராஜுடைய பேண்டேஜ் துணி ஃபேக்டரியின் கிடங்கு. உள்ளே படுத்திருந்த வாட்ச்மேன் ஐயாதுரை முக்கால் உடம்பு வெந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். கைதாகியிருப்பவன் பாண்டி, அதே ஃபேக்டரியில் ஒன்பது வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்தவன். தீக்கு ஆறு நாள் முன்பு முதலாளி அவனை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார். கடிதத்தின் கீழே அவன் பெயர். எழுத்தும் அவன் எழுத்து மாதிரியேதான்.

பாண்டியின் மனைவி செல்லக்கனி ஸ்டேஷன் வாசலில் மஞ்சள் பையோடு நின்றாள். வெந்து கிடக்கும் ஐயாதுரை அவளைப் பெற்ற அப்பா. மதுரைக்கு ஓடுவதா, புருஷனுக்காக இங்கே நிற்பதா என்று தெரியாமல் நேற்று சாயங்காலத்திலிருந்து நின்றுகொண்டேயிருந்தவள். காலையில் லிங்கேஸ்வரனைத் தேடி வந்து, புருஷனின் ரேஷன் கார்டு, ஐ.டி.ஐ. சர்டிபிகேட், இங்கிலீஷ் வகுப்பு நோட்டு என்று வீட்டில் இருந்த காகிதம் மொத்தத்தையும் அவர் மேஜையில் கொட்டிவிட்டாள்.

"மாமனார் படுத்திருக்க கிடங்குக்கு மருமகன் தீ வைப்பானா?" என்றார் லிங்கேஸ்வரன்.

"வைப்பான். மூணு மாசமா ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. பாண்டி சொல்லாம கொள்ளாம மெயின் சுவிட்சை அமத்தி ஒரு நாள் வேலையைக் கெடுத்துட்டான்னு முதலாளிகிட்ட சொன்னதே மாமனார்தான். அதுலதான் வேலை போச்சு." வல்லரசு மணியைப் பார்த்தார். "இங்க மாஜிஸ்திரேட் லீவு. நாலு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல ஆஜர் பண்ணணும். அதுக்குள்ள ஏதாவது இருந்தா கொண்டாங்க. இல்லைன்னா பையன் உள்ளே போறான்."

லிங்கேஸ்வரனுக்கு இங்கிலீஷ் என்றால் கல்லில் நார் உரிக்கிற வேலை. உதவியாளர் பிரிஸ்கில்லா கான்வென்ட்டில் படித்தவள். வாய் எப்போதும் இரண்டு எட்டு முன்னால் நடக்கும்.

"வாசி பிள்ளே. வார்த்தை வார்த்தையா. அவசரப்படாம."

அவள் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். மதிப்பிற்குரிய ஐயா. நம் தொழிற்சாலையின் சரக்கு லிஃப்ட் பழுதடைந்து உள்ளது. அதை உடனே சரி செய்யாவிட்டால் தீ விபத்து நேரிடலாம். உயிர்ச்சேதம் ஏற்படக்கூடும். தங்களுக்குப் பெரும் நஷ்டம் உண்டாகும். அதன் பின் வருந்திப் பயன் இல்லை. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, பாண்டி. அதற்கும் கீழே தனியாக ஒரு வரி: மூன்று முறை. தவறாமல் வியாழக்கிழமை கொண்டு வரவும்.

"நல்ல மரியாதையான கொலைமிரட்டல் அண்ணாச்சி. மதிப்பிற்குரிய ஐயான்னு ஆரம்பிச்சு உண்மையுள்ளன்னு முடிச்சிருக்கான்."

"சரக்கு லிஃப்ட்டுன்னா?"

"மூட்டையை மாடிக்கு ஏத்துறது."

"அந்த ஃபேக்டரியில மாடி ஏது?"

பிரிஸ்கில்லா வாயை மூடினாள். அது அபூர்வம். அய்யனார் கோவில் போகிற வழியில் அந்த ஃபேக்டரியை நூறு தடவை பார்த்திருப்பாள். இரண்டு நீளக் கொட்டகை, மேலே தகரம்.

"மாடியே இல்லாத இடத்துல லிஃப்ட் எங்க போகும், நேரா வைகுண்டத்துக்கா?" என்றாள் கடைசியில்.

"லிஃப்ட்டோ கிஃப்ட்டோ, மிரட்டுதவன் ஏதோ ஒண்ணைச் சாக்கா வைப்பான்" என்றார் வல்லரசு. அவர் இங்கிலீஷ் சரளமாகப் படிப்பவர். தீ என்ற சொல்லைப் பார்த்ததும் மற்றதெல்லாம் அவர் கண்ணுக்குக் கரைந்து போயிருந்தது. தட்டுத் தடுமாறிப் படிக்கிறவனுக்குத்தான் ஒவ்வொரு வார்த்தையும் காலில் இடிக்கிறது.

"இன்னொண்ணு வல்லரசு. பாண்டி எப்ப ஒத்துக்கிட்டான்?"

"நேத்து சாயங்காலம் புடிச்சதுலேர்ந்து தெரியாது தெரியாதுன்னு சாதிச்சான். ராத்திரி லெட்டரைக் கையில குடுத்தேன். முழுசா வாசிச்சான். மறுபடியும் ஒரு தடவை வாசிச்சான். பொறவு, நான்தான் சார் எழுதினேன்னுட்டான்."

"அடிச்சீரா?"

"சத்தியமா இல்ல."

லிங்கேஸ்வரன் எழுந்தார். படிக்கிற வரைக்கும் இல்லை என்றவன் படித்ததும் ஆமாம் என்கிறான். ஒன்பது வருஷம் வேலை பார்த்த இடத்தில் லிஃப்ட் இல்லை என்பது அவனுக்குத் தெரியாதா? தெரிந்தும், எழுதினேன் என்கிறான். அந்தக் காகிதத்தில் போலீஸ் பார்க்காத எதையோ அவன் பார்த்திருக்கிறான்.

வாசலில் செல்லக்கனி மறித்தாள். "அண்ணாச்சி, அப்பா கண்ணு முழிச்சா உண்மை தெரிஞ்சிரும்லா? எங்க வீட்டுக்காரவிய அப்படிப்பட்ட ஆளு இல்ல அண்ணாச்சி. ஈ எறும்பு மேல விழுந்தாக்கூடத் தட்டி விடமாட்டாக."

"கடிதத்தை உனக்குக் காட்டினாங்களா?"

"மிரட்டல் கடுதாசின்னாக. இங்கிலீசுல இருக்காம்லா. எனக்குக் காட்டி என்ன ஆகப்போவுது?"

அவளைக் கோர்ட்டுக்கு வந்துவிடச் சொல்லிவிட்டு, அவர் பிரிஸ்கில்லாவின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறினார். மடியில் பாண்டியின் காகிதங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மணி ஒன்று பத்து.

"எதுக்கு அண்ணாச்சி அங்க?"

"பாண்டிக்கு இந்த இங்கிலீஷ் எங்கேயிருந்து வந்துச்சோ, அந்த லிஃப்ட்டும் அங்கேயிருந்துதான் வந்திருக்கும்."

ஆண்டாள் கோயில் பக்கத்துச் சந்நிதித் தெருவில், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அம்புஜவல்லி டீச்சர் மாலை வகுப்பு நடத்தினார். திங்களும் வியாழனும். பேச்சு இங்கிலீஷ் கிடையாது, எழுத்து மட்டும். பாண்டி போலந்துக் கம்பெனி ஒன்றுக்கு மனுப் போட்டிருந்தான். பரீட்சையில் கடிதம் எழுதச் சொல்வார்கள் என்பதால் ஆறு மாதமாக இங்கே வந்துகொண்டிருந்தான்.

டீச்சருக்கு எழுபது வயதிருக்கும். செல்போனில் இருந்த கடிதத்தின் படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். இரண்டாவது வரிக்கு வருவதற்குள் சொல்லிவிட்டார்.

"இது என் லெட்டர்னா."

பிரிஸ்கில்லா ஒரு அடி பின்வாங்கினாள். "அண்ணாச்சி, குற்றவாளி கிடைச்சாச்சு. விலங்கு மாட்ட வளையலைக் கழட்டச் சொல்லவா?"

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு லிங்கேஸ்வரனிடமே பேசினார். "ஒரு வேலையைச் செய்யாட்டா என்ன நேரலாம், என்ன ஏற்படக்கூடும்னு இங்கிலீஷ்ல எழுதணும். அந்தப் பாடத்துலதான் பாதிப் பேர் ஃபெயில் ஆறா. ஒண்ணு கெஞ்சறா மாதிரி எழுதுவா, இல்லே சாபம் விடறா மாதிரி எழுதுவா. அதனால அவாவா வேலை செய்யற இடத்துல ஏதாவது ஆபத்து இருந்தா அதை வெச்சு எழுதிண்டு வாங்கோன்னேன். பாண்டிதான் உருப்படியா ஒண்ணு கொண்டு வந்தார். அதைத் திருத்தி போர்டுல எழுதிப் போட்டேன். பதினாலு பேரும் அப்படியே நோட்டுல எழுதிண்டா."

"பாண்டி லிஃப்ட்டுன்னா எழுதிட்டு வந்தான்?"

"இல்லையே. கிடங்குல ஏதோ ஃபேன் சுவிட்ச் போர்டு சூடாறது, மேலெல்லாம் பஞ்சுத் தூசி அப்பிண்டிருக்குன்னு எழுதியிருந்தார். முதலாளி கண்ணுல நோட்டுப் பட்டா மனுஷனுக்கு வேலை போயிடுமேன்னு நான்தான் லிஃப்ட்னு மாத்தினேன்." டீச்சர் நிறுத்தினார். "ஏன், என்ன ஆச்சு?"

லிங்கேஸ்வரன் மென்று விழுங்காமல் சொன்னார். கிடங்கு எரிந்தது, ஒரு ஆள் வெந்தது, பாண்டி உள்ளே இருப்பது. டீச்சர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி வரி என்ன டீச்சர்? மூணு முறை, வியாழக்கிழமை கொண்டு வரவும்."

"வீட்டுப்பாடம். மூணு தடவை எழுதி வியாழக்கிழமை கொண்டு வாங்கோன்னு போர்டுல கீழே எழுதுவேன். எல்லாப் பாடத்துக்கும் எழுதுவேன்."

பிரிஸ்கில்லா சிரிக்க ஆரம்பித்து பாதியில் நிறுத்திக்கொண்டாள். "வீட்டுப்பாடத்தையா கெடுன்னு எஃப்.ஐ.ஆர்.ல எழுதி வச்சிருக்காக?"

"உங்ககிட்ட படிக்கிற பதினாலு பேர்ல ஒருத்தன், லெட்டரை அனுப்பும்போது இந்த வரியையும் சேர்த்து எழுதுவானா?"

"எப்படி எழுதுவா? வீட்டுப்பாடம்னு தெரியாதா? லெட்டரை மட்டும்தான் எழுதுவா. அதுல ஒரு எழுத்து மாத்தமாட்டா, அது நான் குடுத்த பழக்கம். சொந்தமா ஒரு வார்த்தை போட்டா மார்க் போயிடும்னு சொல்லிச் சொல்லி வெச்சிருக்கேன். ஆனா இந்த வரியை எழுத மாட்டா."

அப்படியானால் எழுதியவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பக்கத்தில் இருந்ததையெல்லாம் அப்படியே வரைந்திருக்கிறார். பெயரை, வீட்டுப்பாடத்தை, பாண்டியின் கையெழுத்துச் சாய்வைக்கூட.

லிங்கேஸ்வரன் மடியில் இருந்த காகிதங்களைப் பிரித்து வகுப்பு நோட்டை எடுத்தார். அந்தப் பாடத்தின் பக்கம் தேடாமலே திறந்தது. ஒவ்வொரு வரிக்கும் கீழே மங்கலாக ஒரு ரோஸ் கோடு. துடைத்தும் போகாத கோடு. வரி தவறிவிடாமல் இருக்க ஒவ்வொன்றாகக் கோடு போட்டு, முடித்ததும் துடைத்திருக்கிறார்கள். விரலால் தொட்டார். மாவு மாதிரி ஒட்டியது.

"சாக்பீஸ்" என்றாள் பிரிஸ்கில்லா. "துணி வெட்டுறதுக்கு முன்னால தையக்காரங்க குறி போடுறது."

செல்லக்கனி நைட்டி தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள்.

லிங்கேஸ்வரனின் செல்போன் அடித்தது. வல்லரசு.

"அண்ணாச்சி, பெரியவர் முடிஞ்சுட்டாரு. ஒண்ணே முக்காலுக்கு. மதுரையிலேர்ந்து இப்பத்தான் போன். செக்ஷன் மாறுது. இனிமே கொலை."

"மகளுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டோம். வேன் பின்னாலேயே பஸ்ஸுல வாரா."

டீச்சர் எழுந்து நின்றார். "நானும் கோர்ட்டுக்கு வரேன். அந்த லிஃப்ட் என்னோடது. பதிவேட்டை எடுத்துண்டு செருப்பை மட்டும் போட்டுக்கறேன்."

ஆட்டோ வரும் வரை லிங்கேஸ்வரன் கௌதம்ராஜை போனில் பிடித்தார். முதலாளியின் குரல் சோர்ந்திருந்தது. எரிந்தது அவர் சரக்கு, செத்தது இருபது வருஷ ஆள்.

"செப்பண்டி, சொல்லுங்க லிங்கேஸ்வரன்."

"அந்தக் கடிதம் உங்களுக்கு என்னைக்குக் கிடைச்சுது?"

"புதன்கிழமை. தபால்ல."

"போலீஸுக்கு ஏன் உடனே போகல? கொலைமிரட்டல்லா?"

"அப்ப அப்படித் தோணல. லிஃப்ட்டுன்னு இருந்துச்சு. என்கிட்ட ஏது லிஃப்ட்? சிரிச்சுட்டு டிராயர்ல போட்டேன். தீப் பிடிச்ச பொறவுதான், இன்சூரன்ஸ்காரர் கேட்டப்போ, ஞாபகம் வந்துச்சு."

"பாண்டி அந்த ஃபேன் போர்டைப் பத்தி உங்ககிட்ட வாயால சொல்லியிருக்கானா?"

"அவன் தினம் ஏதாவது சொல்லுவான்."

"போர்டு எந்தக் கொட்டகையில இருந்துச்சு?"

"எரிஞ்சதுலதான்" என்றார் கௌதம்ராஜ். பிறகு போனை வைத்துவிட்டார்.

மணி மூன்று நாற்பது. கோர்ட் வளாகத்தில் புங்க மரத்தடியில் செல்லக்கனி தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பெற்றவர் மதுரையில் பிரேதக் கிடங்கில், புருஷன் போலீஸ் வேனில். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவள் போல அவள் எதையும் பார்க்காமல் இருந்தாள்.

பிரிஸ்கில்லா லிங்கேஸ்வரனின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். கேலி மொத்தமும் வடிந்த குரல். "வேண்டாம் அண்ணாச்சி. பாண்டி ஏன் ஒத்துக்கிட்டான்னு இப்பப் புரியுதுல்லா. படிச்சதும் யார் அனுப்பினதுன்னு தெரிஞ்சிருக்கு. அவளுக்காகத்தான் உள்ளே இருக்கான். இப்ப நாம சொன்னா, அவளைத் தூக்கி உள்ளே போடுவாக. அப்பா செத்த நாள்ல."

"சொல்லலைன்னா அவன் கொலைக் கேஸ்ல போறான்."

"அது அவன் எடுத்த முடிவு."

"அவளைக் கேக்காம எடுத்த முடிவு" என்றார் லிங்கேஸ்வரன்.

அவர் செல்லக்கனிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லவில்லை. அவருக்கு அது வராது.

"தாயி, போன வாரம் முதலாளிக்கு நீ தபால் போட்டியா?"

"போட்டேன் அண்ணாச்சி. திங்கக்கிழமை. எப்படித் தெரியும்?" அவள் சாதாரணமாகச் சொன்னாள். "அவியளை வேலையை விட்டு நிறுத்திட்டாக. இனிமே அந்தப் போர்டை யாரு பாப்பா? அப்பாகிட்டச் சொன்னேன், உன் புருசன் சொல்லித் தந்தானான்னு ஏசிட்டாரு. ஃபேக்டரி கேட்டுல என்னை உள்ளே விடல. தமிழ்ல எழுதினா மனுன்னு தூக்கிப் போட்டிருவாக. இங்கிலீசுல போனா வக்கீல் நோட்டீஸோன்னு பயந்தாவது பிரிச்சுப் பாப்பாகல்லா. அவியளுக்கும் தெரியாது. தெரிஞ்சா வைவாக."

"எதைப் பாத்து எழுதினே?"

"அவிய நோட்டைப் பாத்துத்தான். தயவு செய்து சரி பண்ணுங்கன்னு கேக்குற கடுதாசி. போலீசு சொல்லுதது வேற. அது மிரட்டல் கடுதாசி."

லிங்கேஸ்வரன் செல்போன் படத்தைக் காட்டினார்.

அவளுக்கு அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றையும் வரைந்தவள் அவள். மூன்றாவது வரியில் பேனா இழுத்துக்கொண்டு போன இடம்வரை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"இதுவா?" என்றாள். பிறகு இன்னொரு தடவை, வேறு குரலில், "இதுவா அண்ணாச்சி?"

பிரிஸ்கில்லா அவளுக்கு அதைத் தமிழில் வாசித்தாள். லிஃப்ட் என்ற இடத்தில் செல்லக்கனி தலையை நிமிர்த்தினாள். வியாழக்கிழமை வரியில் எழுந்து நின்றாள். யாரும் அவளை எங்கேயும் போகச் சொல்லவில்லை. அவளாகவே கோர்ட் ஹாலை நோக்கி நடந்தாள்.

உள்ளே பாண்டியை நிறுத்தியிருந்தார்கள். மாஜிஸ்திரேட் கண்ணாடி போட்ட இளவயது அம்மாள். ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று பாண்டியிடம் கேட்டார். அவன் இல்லையென்று தலையாட்டினான். வாசலில் மனைவியைக் கண்டதும், அதே தலையை இன்னும் வேகமாக ஆட்டினான். பேசாதே என்று.

"அம்மா, அந்தக் கடுதாசியை அனுப்பினது நான்" என்றாள் செல்லக்கனி.

"ஏட்டி, சும்மா இரு. போ வெளியே" என்றான் பாண்டி. பிடிபட்டதிலிருந்து அவன் சத்தமாகப் பேசியது அதுதான்.

மாஜிஸ்திரேட் அவனை அடக்கிவிட்டு அவளை முன்னால் வரச் சொன்னார். ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, கடிதத்தின் முதல் வரியை எழுதச் சொன்னார். பார்க்காமல் வராது என்றாள் அவள். கடிதம் இருந்த உறையை எதிரே வைத்தார்கள். அவள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, நிறுத்தி, பூத்தையல் போடுகிற மாதிரி வரைந்தாள். ஒரு வரிக்கு நாலு நிமிஷம். சாய்வு மாறவில்லை. டீச்சர் நோட்டையும் வருகைப் பதிவேட்டையும் நீட்டி, லிஃப்ட் எப்படி வந்தது, வியாழக்கிழமை எப்படி வந்தது என்று சொன்னார். ஒரு வாக்கியமும் பிசகவில்லை. முதலாளி புதன்கிழமை கடிதத்தை வாங்கிச் சிரித்ததைக் கடைசியில் லிங்கேஸ்வரன் சொன்னார்.

"எஸ்.ஐ., அந்த ஃபேக்டரியில லிஃப்ட் இருக்கா?"

வல்லரசு விறைப்பாக நின்றார். "இல்லை மேடம்."

"இதுல லிஃப்ட்டுன்னு இருக்கே. எரிஞ்ச போர்டை யாராவது பரிசோதிச்சாங்களா?"

"இனிமேதான் மேடம்."

மாஜிஸ்திரேட் ரிமாண்ட் மனுவை மூடி ஓரமாக வைத்தார். பாண்டிக்குப் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள், என்ன செய்வதென்று தெரியாமல் அவன் கையை விட்டார். ஹாலில் எல்லோருக்கும் மூச்சு வந்தது, செல்லக்கனியைத் தவிர. அவள் இன்னும் மேஜை மேல் கிடந்த கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னே தெரியாமலா அனுப்பினே?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். கோபமாக இல்லை.

"தெரியும்மா. போர்டைப் பத்தின பாடம்னு அவிய ஒரு நா அர்த்தம் சொன்னாக. தீப் பிடிக்கலாம், உயிர் போகலாம்னு. அது போதும்னு நெனச்சேன்." அவள் விரல் நுனியால் உறையின் மேல் ஒரு இடத்தைத் தொட்டாள். "இந்த இடத்துல எங்க அப்பா பேரைச் சேக்கணும்னு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். ஐயாதுரைன்னு இங்கிலீசுல எப்படிப் போடணும்னு எனக்குத் தெரியல. அதான் விட்டுட்டேன்."